கடின ஈயத்தில் ஐம்பது குண்டுகள்

1. பின்கதவு

பட்டறையின் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கென்னடி வீதியில் தெற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மார்ச் மாதக் கடைசி. பனி உருகி நடைபாதை முழுக்கக் கறுத்த சேறு. தோல் ஏப்ரனைக் கழற்றுகிற நினைவே வரவில்லை. அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். சாப்பாட்டுப் பெட்டி உள்ளே ஃபிரிட்ஜில் இருந்தது. எடுக்கப் போனால் கூட வேலை செய்கிற ஜெயந்தியக்கா எங்கே போகிறாய் என்று கேட்பார். அதனால் விட்டுவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் பழக்கம். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி ஏற்றினேன். சுப்பவைசர் ஒருநாள் கத்தினான். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கும் அதே கதை. அதற்கு முன் கொழும்பு, பாங்கொக், பிராங்க்பேர்ட். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததும் இப்படித்தான், கொப்பியை மேசையில் வைத்துவிட்டு.

ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. நான் வார்த்த ஐம்பது குண்டுகள் யூனியன்வில்லில் ஒரு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரின் வீட்டில் இருந்தன. அன்று மதியத்துக்குப் பிறகு அவர் துப்பாக்கி சுடுகிற கிளப்புக்குப் போய் அவற்றைச் சுடப் போகிறார். சுட்டால் அவருடைய பழைய ரிவால்வர் உடையலாம், கையும் போகலாம். இது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

2. ஈயம் தெரியுமா

அஜின்கோர்ட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சிறு தொழிற்கூடங்களில் ஒன்றுதான் எங்கள் பட்டறை. முதலாளி லாஸ்லோ, ஹங்கேரியில் இருந்து வந்தவர். தூண்டில் ஈயம், படகுக்கு அடிப்பாரம், கிளப்புகளில் குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு ஈயக் குண்டு, இவைதான் தொழில். குண்டு என்றால் வெறும் ஈயத் தலை மட்டும். மருந்தும் கிடையாது, தோட்டாவும் கிடையாது. வாங்குகிறவர்கள் வீட்டில் வைத்துத் தாங்களே தோட்டாவில் பொருத்திக்கொள்வார்கள். எல்லாம் பதிவு செய்த துப்பாக்கி, உறுப்பினர் அட்டையோடு வருகிற மனிதர்கள்.

நான் இருந்த பேஸ்மென்ட்டுக்கு மேல்வீட்டில் குடியிருந்தவர் ஜெயந்தியக்கா. பருத்தித்துறைப் பக்கம். பட்டறையில் குண்டுகளைத் தராசில் வைத்து நிறுத்து, கண்ணால் பார்த்து, பெட்டியில் அடுக்கிக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

லாஸ்லோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஈயம் தெரியுமா என்று. தெரியும் என்றேன். பொய் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் அச்சு எழுத்து வார்க்கிற ஒரு பட்டறையில் மூன்று வருடம் நின்றேன். தேய்ந்த எழுத்துகளை உருக்கிப் புது எழுத்து வார்ப்போம். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அங்கே எழுத்துகளைப் புரட்டிப் பார்த்துப் படித்தது கூட. அச்சு ஈயம் சாதாரண ஈயம் இல்லை, அன்டிமனி என்ற இலேசான உலோகம் கலந்தது. கடினமானது. ஆறும்போது சுருங்காமல் அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய் நிற்கும். ‘ண’வின் சுழி ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். நல்ல வார்ப்பு என்றால் என் கைக்கு அதுதான்.

நான் செய்த பிழைக்கு வேர் அந்த மூன்று வருடத்தில் இருந்தது.

3. பழைய ரிவால்வருக்கு என்ன வேண்டும்

இன்ஸ்பெக்டர் துரைராசா இலங்கைப் பொலிஸில் இருந்தவர். அந்தக் காலத்தில் இடுப்பில் கட்டியிருந்த அதே வகை ரிவால்வர் ஒன்றை இங்கே ஒரு ஏலத்தில் கண்டு வாங்கி, முறைப்படி பதிவு செய்து, கிளப்பில் சேர்ந்திருந்தார். பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்த சாமான். நடுவில் முறித்துத் திறக்கிற வகை, பெரிய வாய், வயது எங்கள் எல்லோரையும்விடக் கூட. அதற்குக் கடையில் குண்டு கிடைப்பது அரிது. அதனால் லாஸ்லோவிடம் வருவார்.

குண்டு வார்க்கிறவன் முதலில் மோல்டை, அதாவது வார்ப்பு அச்சைப் பார்க்கக்கூடாது, துப்பாக்கியைப் பார்க்கவேண்டும் என்று லாஸ்லோ சொல்லுவார். எந்த ஈயம், எந்த வடிவம், எவ்வளவு பருமன் என்று துப்பாக்கிதான் தீர்மானிக்கும். இந்த ரிவால்வருக்கு அடிப்பக்கம் கிண்ணம்போலக் குழிந்த குண்டு. ஈயம் மூன்றாம் நம்பர் பெட்டியில் இருந்து மட்டும். மூன்றாம் பெட்டி என்றால் பழைய கூரைத் தகடு. நகத்தால் கீறினால் கோடு விழுகிற மிருதுவான ஈயம். நாலாம் பெட்டியில் மூடிப்போன ஒரு அச்சகத்தில் இருந்து வாங்கிய அச்சு ஈயம் கிடந்தது. அது வேறு குண்டுகளுக்கு, அளவாகக் கலப்பதற்கு.

ஏன் மிருதுவான ஈயம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும் என்ற எண்ணம்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரின் ஓடர் என்னிடம் வந்தது. கூரை ஈயத்தைப் பொட்டு என்று நாங்கள் சொல்கிற அடுப்புப் பானையில் உருக்கி, மெழுகுத் துண்டு போட்டுக் கலக்கி, மேலே வந்த கசடை எடுத்து, மோல்டைச் சூடாக்கி ஊற்றினேன். முதல் பத்து எப்போதும் கழிவு, அது எல்லோருக்கும் வருவது. எனக்கு முப்பது போயிற்று, நாற்பது போயிற்று. குண்டில் சுருக்கம் விழுந்தது. குழிந்த அடியின் விளிம்பு நிரம்பாமல் பல் உடைந்த வாய்போல வந்தது. மோல்டின் சூடு போதவில்லை, அவ்வளவுதான். பொறுத்திருந்து இன்னும் சூடாக்கியிருந்தால் சரியாக வந்திருக்கும்.

நான் நாலாம் பெட்டிக்குப் போனேன். இரண்டு கை நிறைய அச்சு ஈயம் அள்ளிப் பொட்டில் போட்டேன்.

அடுத்த குண்டே கண்ணாடிபோல விழுந்தது. விளிம்பு கூர். ஒரு சுருக்கம் இல்லை. ஐம்பதையும் அப்படியே வார்த்து ஜெயந்தியக்காவின் மேசையில் வைத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் ஒன்றை நிறுத்தார், இன்னொன்றை நிறுத்தார், கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் மெலிஞ்சுபோய்க் கிடக்கு. போன முறை இன்ஸ்பெக்டருக்குப் போட்டது இதைவிடப் பாரம்.”

மோல்ட் பழசு, அதனால் இருக்கும் என்று சொன்னேன். அவர் நம்பிக் கையெழுத்து வைத்தார். புதன்கிழமை பட்டறையின் வான் வண்டியில் போய்ப் பெட்டியைக் கொடுத்தவனும் நான்தான். வெள்ளி மத்தியானம் கிளப்பில் சுட்டுப் பார்ப்பேன் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

4. வெட்டிய உருளை

வெள்ளி காலை, தேநீர் நேரம். அதே வகை ரிவால்வருக்கு இன்னொரு ஓடர் வந்திருந்தது. லாஸ்லோ அலுமாரியில் இருந்து ஒரு பொருளை எடுத்து வந்தார். உடைந்துபோன ஒரு ரிவால்வரின் ஆறு அறை உருளை. பாதியாக வெட்டி அளவு பார்ப்பதற்கு வைத்திருந்தார். ஒரு குண்டை அறைக்குள் போட்டுப் பென்சிலால் தள்ளிக் காட்டினார். வாயில் வந்து இறுகி நின்றது.

இந்தப் பழைய ரிவால்வர்களில் உருளையின் வாய் குழலைவிடக் கொஞ்சம் ஒடுக்கம் என்று விளக்கினார். மிருதுவான ஈயம் அந்த ஒடுக்கத்தால் நசுங்கிக்கொண்டு வெளியே வரும். குழலுக்குள் போனதும் பின்னால் தள்ளுகிற வேகத்தில் அந்தக் குழிந்த அடி விரிந்து குழலைப் பிடிக்கும். அதற்காகத்தான் குழி. கடின ஈயம் நசுங்காது. ஒடுக்கத்தில் சிக்கி நிற்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் ஏறும். புதுத் துப்பாக்கி தாங்கும். நடுவில் கொளுக்கி போட்டு மூடுகிற கிழட்டு ரிவால்வர் தாங்கும் என்று சொல்லமுடியாது.

“இந்த உருளை எப்படி உடைந்தது என்று நினைக்கிறாய்?” என்று கேட்டார். கேட்டது ஜெயந்தியக்காவை. எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அதைப் பிடித்திருந்தவனுக்குப் பெருவிரல் போய்விட்டதாம்.

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போகிறவன்போலப் போனேன். ஜாக்கெட் பின்கதவடியில் தொங்கியது. என் அகதி விசாரணைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. துப்பாக்கி, குண்டு, காயம்பட்ட ஒரு பொலிஸ்காரர், அந்தக் குண்டை வார்த்தவன் பெயர். இவை எல்லாம் ஒரே தாளில் எழுதப்பட்டு யாரோ வாசிப்பதுபோல எனக்குக் கேட்டது.

5. வடக்கே போகிற பஸ்

தெற்கே போகிற பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். அந்த பஸ் சப்வே ரயிலடிக்குப் போகும். சப்வேக்குள் இறங்கினால் பிறகு என்னைத் தேடுவார் இல்லை. லாஸ்லோவுக்கு என் சரியான முகவரியே தெரியாது. ஜெயந்தியக்காவுக்குத் தெரியும்.

அவரை நினைத்ததும்தான் போகிற எண்ணம் நின்றது. பெட்டியில் இருந்தது என் கையெழுத்து இல்லை. நான் காணாமல் போனால் அந்த ஐம்பது குண்டும் அவருடையவை ஆகிவிடும்.

நிறுத்தத்தில் இருந்த தொலைபேசிக் கூட்டுக்குள் போனேன். டைரக்டரியில் பாதிப் பக்கம் இல்லை. இருந்த பாதியில் இன்ஸ்பெக்டர் பெயர் இல்லை. அவருடைய நம்பர் லாஸ்லோவின் ஓடர் புத்தகத்தில் இருந்தது. அதைக் கேட்கவேண்டுமென்றால் காரணம் சொல்லவேண்டும். வீடு எனக்குத் தெரியும். தெற்கு பஸ் வந்து கதவைத் திறந்தது. ட்ரைவர் என்னைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன், கதவு மூடியது. வீதியைக் கடந்து வடக்கே போகிற பஸ்ஸுக்கு நின்றேன்.

அந்த பஸ் ஸ்டீல்ஸ் வீதி வரைதான் போகும். அதற்கு அப்பால் மார்க்கம் நகரம், வேறு பஸ், வேறு டிக்கட், எப்போது வரும் என்று தெரியாது. நடந்தேன். அந்தப் பகுதியில் அப்போது நடைபாதைகூட ஒழுங்காக இல்லை. லொறிகள் சேற்றை அடித்துவிட்டுப் போயின. ஏப்ரன் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தேன், பாதித் தூரம் ஓட்டமும் நடையுமாக.

6. நாற்பத்தொன்பது

கதவைத் திறந்தவர் இன்ஸ்பெக்டரின் மனைவி. ஐயா நிற்கிறாரா என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி, அவர் கிளப்புக்குப் போயிட்டார். இண்டைக்கு வெள்ளனவே வரச் சொன்னவையாம்.”

நான் வாசல்படியில் குந்திவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கிளப் எங்கே என்று கேட்டேன். காரில் அரை மணித்தியாலம், நம்பர் தனக்குத் தெரியாது என்றார். புதன்கிழமை நான் தந்த குண்டை எடுத்துக்கொண்டு போனாரா என்று கேட்டேன்.

“அதோ? அது சரியில்லை எண்டு பெட்டியோடை வைச்சிட்டெல்லோ போனவர். பழைய குண்டு கொஞ்சம் மிச்சம் கிடந்தது, அதைத்தான் கொண்டு போனவர். கீழை மேசையிலை கிடக்கு, போய்ப் பாரும்.”

நான் கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். நாற்பத்தொன்பது. இன்னொரு முறை எண்ணினேன். நாற்பத்தொன்பது. மேசைக்குக் கீழே தவழ்ந்து பார்த்தேன், கம்பளத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு குண்டு இல்லை.

ஒன்று போதும்.

இன்ஸ்பெக்டரின் மனைவியை அன்ரி என்று கூப்பிட்டேன், அவர் சாப்பிடச் சொன்னார். பசியில்லை என்றேன். குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் பாட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டு ஊரையும் பேரையும் விசாரித்தார். என்ன பதில் சொன்னேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

ஒன்றேமுக்கால் மணிக்குக் கார் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பூட்டுப் போட்ட பெட்டியை ஒரு கையில் தூக்கினார், மற்றக் கையால் கார்க் கதவைச் சாத்தினார். இரண்டு கையும் இருந்தன. நான் விரல்களை எண்ணினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பத்து விரலையும் எண்ணினேன்.

அவர் உள்ளே வந்து ரிவால்வர் பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டிவைத்துவிட்டு, கதிரையில் அமர்ந்து, சேர்ட் பொக்கற்றில் இருந்து அந்த ஐம்பதாவது குண்டை எடுத்து மேசையில் நிறுத்தினார். பிறகு கண்ணாடியைப் போட்டு ஒரு கொப்பியைத் திறந்தார்.

“பேர்?”

“குகதாசன்.”

“தகப்பன்ரை பேர்?”

“அது ஏன் ஐயா?”

“ஸ்டேற்மென்ற் எடுக்கேக்கை தகப்பன்ரை பேர் வேணும். சொல்லும்.”

சொன்னேன். எழுதினார். இதை வார்த்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அச்சு ஈயம் கலந்தேன், முதலாளிக்குத் தெரியாது, பெட்டியில் கையெழுத்து வைத்த பெண்ணுக்கும் தெரியாது, அவர் நிறை குறைகிறது என்று கேட்டபோது பொய் சொன்னேன் என்றெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

“ஏன் கலந்தனீர்?”

“வடிவா வரேல்லை ஐயா.”

“வடிவாத்தான் வந்திருக்கு. கண்ணாடி அலுமாரியிலை வைக்கலாம்.” குண்டை என் பக்கம் உருட்டிவிட்டார். “என்ரை ரிவால்வருக்கு வாற குண்டை நகத்தாலை கீறிப் பாக்காமல் நான் போடுறேல்லை. உது என்ரை நகத்தைக் கீறிப்போட்டுது.”

கிளப்பில் ஒருவரிடம் ஈயத்தின் கடினத்தை அளக்கிற கருவி இருப்பதால் அந்த ஒன்றை மட்டும் காட்டுவதற்குக் கொண்டு போயிருக்கிறார். அவ்வளவுதான். புதன்கிழமை இரவே அவருக்குத் தெரியும். நான் சேற்றில் ஓடிவந்த நேரத்தில் அந்தக் குண்டுகளால் ஒருவருக்கும் ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணால் தண்ணீர் வந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கொப்பியை மூடினார்.

“முப்பது வருசம் பொலிஸிலை இருந்தனான். எல்லாரையும் நாங்கள் தேடிப் போய்த்தான் பிடிச்சது. தானா நடந்து வந்து வாக்குமூலம் குடுத்தவன் நீர் ஒருத்தன்தான்.”

“உங்கடை முகத்தைப் பாத்திட்டு ஆர் தானா வருவினம்,” என்றார் அன்ரி குசினியில் இருந்து.

லாஸ்லோவுக்குத் தான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றார் அவர். நாளை காலை பத்து மணிக்குப் போன் பண்ணிப் புதுக் குண்டு எப்போது வரும் என்று மட்டும் கேட்பாராம். அதற்கு முன்னர் நான் சொல்லியிருக்கவேண்டும். நாற்பத்தொன்பது குண்டையும் பெட்டியோடு என்னிடம் தந்தார். ஐம்பதாவதைத் திரும்பப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். அது சான்றுப் பொருளாம்.

பிறகு எனக்குப் பசித்தது. ஈயம் பிடித்த கை என்று மூன்று முறை சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஏப்ரனோடுதான். இன்ஸ்பெக்டர் ஸ்டீல்ஸ் வரை காரில் கொண்டுவந்து விட்டார். நடந்த தூரம் முழுக்க ஜன்னலால் திரும்பிப் போனது. நான் பாதியில் நித்திரையாகிவிட்டேன்.

இளம் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பாடம் இதுதான். கெட்ட வார்ப்பைத் திரும்பவும் பொட்டில் போடலாம், எத்தனை முறையும் போடலாம், யாருக்கும் நட்டம் இல்லை. பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் அதற்குப் பின்னால் நடந்துதான் போகவேண்டும். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த நடை எனக்கு மிச்சம்.

7. மறுநாள் காலை

சனிக்கிழமை பட்டறை அரை நாள். எட்டு மணிக்கு முன்கதவடியில் ஜெயந்தியக்கா நின்றார்.

“என்ன, வயித்துக்குத்து மாறிட்டுதோ?”

“எனக்கு வயித்துக்குத்து இல்லையே அக்கா.”

“இருந்தது. லாஸ்லோவுக்கு நான் சொன்னனான். ரெண்டு தரம் ஓடினது எண்டும் சொன்னனான். இனி மாத்திச் சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்காதை.”

நான் பெட்டியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. சத்தம் போடவில்லை.

“நிறை குறையுது எண்டு கேட்டனான். மோல்டிலை பழியைப் போட்டனி. உந்தப் பெட்டியிலை கிடக்கிற கையெழுத்திலைதான் என்ரை பிள்ளையள் சாப்பிடுதுகள், தெரியுமோ உனக்கு?”

தெரியும், அதனால்தான் வந்தேன் என்றேன். அவர் கதவைத் திறந்து பிடித்தார்.

லாஸ்லோ மேசையில் இருந்தார். வயிறு எப்படி என்று கேட்டார். எனக்கு வழி திறந்துதான் இருந்தது, ஓம் இப்போது சுகம் என்று சொல்லிவிட்டுப் பொட்டடிக்குப் போயிருக்கலாம். சுவரில் மணி எட்டு பத்து. பெட்டியை அவர் முன்னால் வைத்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது சுட்டார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மூச்சை விட்டார். ஒரு குண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வார்ப்பு என்றார். அவர் அதைச் சொன்னது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு வேலை விண்ணப்பத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“நேற்றுப் பின்கதவால் போனவன் வேலையை விட்டுவிட்டான். அவனுக்கு இங்கே வேலை இல்லை. உனக்கு வேண்டுமானால் ஒரு வேலை இருக்கிறது, பொட்டடியில் இல்லை.”

தாளை நிரப்பினேன். முன் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, ஈயம், கொஞ்சம் தெரியும் என்று எழுதினேன்.

வேலை, வந்து இறங்குகிற பழைய ஈயத்தைத் துண்டு துண்டாகக் கீறிப் பார்த்துப் பெட்டி பிரிப்பது. பத்து மணிக்குப் போன் அடித்தபோது நான் கதவடி மேசையில் இருந்தேன். லாஸ்லோ எடுத்து, வியாழக்கிழமை தருகிறோம், கூரை ஈயத்தில் என்று சொல்வது கேட்டது. என் முன்னால் முதலாவது வேலையாக அந்த நாற்பத்தொன்பது குண்டுகள் இருந்தன. பதில் தெரிந்திருந்தும் ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் கீறினேன். ஒன்றிலும் கோடு விழவில்லை. ஒவ்வொன்றாக நாலாம் பெட்டிக்குள் போட்டேன்.